ஆடிச் சீருக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

அம்மிணி, அந்தப் பையை மட்டும் அது மேல வெக்காதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. அட்டைப் பெட்டிதானேன்னு தோணும், உள்ள இருக்கற சாமான் அப்பிடி. மேல ராக்குல எடம் கெடக்குது, குடுங்க, நான் வெச்சுத் தர்றேன். ஆச்சு. இப்ப உக்காருங்க.

இல்லீங்க, சன்னல் ஓரத்து சீட்டு காலி இல்லீங்க. டிக்கெட் எடுத்திருக்கறேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு எம் பொண்ணுக்கு. அவ வர்றதாத்தான் இருந்துது. வரலை. சும்மா போற சீட்டுத்தானேன்னு ஒரு பெட்டியைத் தூக்கி அதுல வெச்சுட்டேன், இன்னொண்ணு கால்மாட்டுல இருக்குது. ஈரோட்டுல டிக்கெட் பாக்க வந்தவரு, "இந்துஜாங்கறது யாருங்க?"ன்னாரு. நான் பெட்டியைக் காட்டினேன். "தண்ணி கேட்டாக் குடுங்க"ன்னு சிரிச்சுட்டே போயிட்டாரு. நல்ல மனுசன். நீங்க சேலத்துல ஏறினீங்களா? சென்னைக்குத்தானே? சரி, அப்ப கடைசி வரைக்கும் பேச்சுத் துணை ஆச்சு.

உள்ள என்னங்கறீங்களா? ஸ்பீக்கருங்க. பாட்டு கேக்கறது. புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்ம்பாங்க. புஸ்தக அலமாரியில வெக்கற அளவுக்குச் சின்னதுன்னு அந்தப் பேரு. ஆனா அலமாரியில வெக்கக் கூடாது, வெச்சா மாப்பிள்ளைக்கு ஆகாது. அதுக்குன்னு இரும்புல ஸ்டாண்டு இருக்குது, செவுத்தை விட்டுத் தள்ளி நிறுத்தோணும், மூஞ்சியைச் சித்த உள்பக்கமாத் திருப்போணும். அதெல்லாம் ஒரு பெரிய படிப்புங்க. வெலையைக் கேக்காதீங்க. சொன்னாச் சங்கிலியை இழுத்து எறங்கிப் போயிருவீங்க.

மாப்பிள்ளைக்கு ஆடிச் சீருங்க இது.

ஆமாங்க, இது கார்த்திகை மாசந்தான். தெரியுமுங்க. அதைத்தான் சொல்ல வர்றேன்.

நான் காங்கயத்துல கொப்பரை யாவாரம் பண்றவன். சென்னியப்பன்னு கேட்டா மார்க்கெட்டுல எல்லாத்துக்கும் தெரியும். காதுதானுங்க எனக்குப் பொழப்பு. தேங்காயைக் காதுகிட்டக் கொண்டு போய் ஒரு ஆட்டு ஆட்டினாப் போதும், உள்ள தண்ணி வத்திருச்சா, பருப்பு கழண்டு நிக்குதான்னு சொல்லிருவேன். ஒடைச்சுப் பாத்தா அப்பிடியே இருக்கும். அதனால சத்தத்துல என்னை எவனும் ஏமாத்த முடியாதுன்னு எனக்கு ஒரு மெதப்பு உண்டு. இருக்கறதைச் சொல்றதுக்கு என்னங்க.

எனக்கு ஒரே பொண்ணு, இந்துஜா. அவளாட்டப் பேசறவளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. திருப்பூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சரா இருந்தா. பொழுதோட ஊட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருவா. எந்தப் பையன் சோப்பு டப்பாவுல தவளையைப் புடிச்சுப் போட்டுக் கொண்டாந்தான், எந்த டீச்சருக்கும் எந்த டீச்சருக்கும் பேச்சு வார்த்தை இல்ல, பஸ்ல பக்கத்துல உக்காந்த அம்மா என்ன கொழம்பு வெச்சுச்சு, எல்லாம் வரும். நான் சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனா அங்கயும் பின்னாடியே வந்து மிச்சத்தைச் சொல்லுவா. "சித்த மூச்சு உட்டுக்கோ கண்ணு"ன்னு எங்கூட்டுக்காரி வசந்தாமணி சத்தம் போடுவா. அது ஒரு ரேடியோவாட்ட ஊட்டுல ஓடிட்டே இருக்கும். நானும் பாதியைத்தான் கேப்பேன். கேக்காட்டி என்ன, ஓடிட்டு இருந்தாச் சரி.

வைகாசியில கல்யாணம். மாப்பிள்ளை யுகேந்திரன், கோபி பக்கம். சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில பெரிய வேலை. தங்கமான பையனுங்க. குடி இல்ல, சிகரெட்டு இல்ல, சீட்டாட்டம் இல்ல. பாட்டு கேக்கறது ஒண்ணுதான். அதையும் நம்மளாட்ட மொளகாய் கிள்ளிக்கிட்டுக் கேக்கறதில்லீங்க. சாமி கும்புடறாப்புலக் கேப்பாரு.

ஆனியில நானும் வசந்தாமணியும் குடித்தனம் எப்பிடி இருக்குதுன்னு பாக்கப் போனோம். ஹாலுல சோபா இல்ல. நடு ஹாலுல ஒரே ஒரு சேர். எதுத்தாப்புல ஸ்டாண்டு மேல ரண்டு ஸ்பீக்கர். செவுத்துல எல்லாம் எதிரொலி வராம இருக்க மெத்தையாட்டப் பலகை. "உக்காருங்க மாமா"ன்னு என்னைய அந்தச் சேர்ல உக்கார வெச்சாரு. ஃபேனை நிறுத்தினாரு. ஃப்ரிட்ஜை நிறுத்தினாரு. ஒரு அம்மா பாடின பழைய பாட்டு ஒண்ணைப் போட்டாரு. அம்மிணி, சத்தியமாச் சொல்றேன், அந்த அம்மா எனக்கு நேரா வந்து நின்னு பாடுச்சு. ரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, ஒண்ணுமே இல்லாத எடத்துல. தலையை ஒரு சாண் அக்கட்டால நகத்தினா அந்த அம்மா போயிரும். திரும்பி வந்து உக்காந்தா வந்துரும். "அந்த எடம் ஒருத்தருக்குத்தான் மாமா"ன்னாரு. என்ன ஒரு நுணுக்கம் பாருங்க.

அவரு கேக்கறப்ப ஊட்டுல சில மொறைங்க உண்டு. மிக்ஸி போடக் கூடாது. குறுக்க நடக்கக் கூடாது, நடந்தாச் சத்தம் கலங்கிரும். பேசக் கூடாது. சாமி கும்புடறப்ப நாம பேசுவமா? அந்த மாதிரிதான். ஆபீஸ் விட்டு வந்ததும் உக்காந்தா ராச்சோறு வரைக்கும் கேப்பாரு. லீவு நாள்னாக் காத்தாலயே உக்காந்துருவாரு. இந்துஜா உள் ரூம்ல இருந்துக்குவா.

பொண்ணைக் கூட்டிட்டு வர ஆடி பொறக்கறதுக்கு முந்தி மறுக்காப் போனேன். புதுப் பொண்ணை ஆடியில பொறந்த ஊட்டுக்குக் கூட்டியாந்து, ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளைக்கு விருந்து போட்டு, சீர் குடுத்து, ஆவணி பொறந்ததும் ரண்டு பேரையும் சேத்து அனுப்பறது எங்க பக்கம் பழக்கம். உங்க பக்கமும் உண்டுங்களா? உண்டு, இல்லீங்களா.

"சீருக்கு என்ன வேணும் மாப்பிள்ளை, மனசுல இருக்கறதைச் சொல்லுங்க"ன்னேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் மாமா"ன்னாரு. கூச்சம். நான் உடலை. கௌம்பறப்ப ஸ்பீக்கரைப் பாத்து, "இந்த ஊட்டுல எதையாவது மாத்தறதுன்னா இதைத்தான் மாத்தோணும்"னாரு. எனக்கு அது போதாதுங்களா? "நல்லதாப் பாத்து எடுத்துக் குடுத்துர்றேன்"னு வாக்குக் குடுத்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து எறங்கினதும் வசந்தாமணி பொண்ணைப் பாத்துட்டு, "கொலுசு எங்க கண்ணு? கண்ணாடி வளையல் எங்க?"ன்னு கேட்டா. இந்துஜா, "கழட்டி வெச்சுட்டேம்மா. பாட்டு கேக்கறப்ப அது குறுக்க வருதாம்"னா. வசந்தாமணி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. நான்தான் எடுத்துச் சொன்னேன். வெள்ளிக் கொலுசுச் சத்தமும் தாளத்துல ஜல்லுன்னு வர்ற சத்தமும் ஒரே உசரம், ரண்டும் மோதும், அவருக்கு அது தெரியுது, நமக்குத் தெரியலைன்னேன். இப்பவும் சொல்றேன், அதுல தப்பொண்ணும் இல்லீங்க.

பொண்ணு பேசறது கொறைஞ்சு போச்சு. அதைப் பாத்து எனக்குச் சந்தோசந்தான். பரவாயில்ல, கல்யாணம் ஆனதும் ஒரு பக்குவம் வந்திருச்சுன்னு நெனைச்சேன். வசந்தாமணிதான், "இது பக்குவம் இல்லீங்க"ன்னு முணுமுணுத்துட்டே இருந்தா. பொம்பளைங்களுக்குப் பேசினாலும் குத்தம், பேசாட்டியும் குத்தம்.

இருங்க அம்மிணி, சொல்லி முடிச்சுக்கறேன். அப்பறம் நீங்க சொல்லுங்க.

கோயமுத்தூர்ல இதுக்குன்னே ஒரு கடை இருக்குது. ஷியாம்சுந்தர்னு ஒருத்தரு வெச்சிருக்காரு. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகோணும். நான் ஒரு பத்து ஜோடியாவது கேட்டிருப்பேன். முதல்ல சத்தமா இருக்கறதெல்லாம் நல்லா இருக்கறாப்புலத் தெரிஞ்சுது. அது எல்லாரும் பண்ற தப்பாம். ரண்டையும் ஒரே அளவு சத்தத்துல வெச்சுக் கேக்கோணும்னு அவரு சொல்லித்தான் தெரிஞ்சுது. கடைசியா ரண்டு ஜோடி நின்னுது. ஒண்ணு இங்கிலாந்துல செஞ்சது, தேக்கு நெறத்துல மரம். இன்னொண்ணு டென்மார்க்காம், கறுப்பு. ரண்டுலயும் மேல குண்டுமணியாட்டச் சின்னதா ஒண்ணு, கீச்சுச் சத்தத்துக்கு. கீழ தட்டாட்டம் ஒண்ணு, கனத்த சத்தத்துக்கு. பாக்க ரண்டும் ஒண்ணுதான். குணம் வேற.

இங்கிலாந்துக்காரன் சாதுங்க. எந்தப் பாட்டைப் போட்டாலும் மெத்துனு குடுப்பான். ரெக்கார்டிங் மோசமா இருந்தாலும் அதை வெளிய தெரிய உட மாட்டான். கறுப்பன் அப்பிடி இல்ல. பாடற அம்மா மூச்சு வாங்கறது, வயலின்காரரு நாற்காலியில நகந்து உக்கார்றது, அவங்க ரூமுக்கு வெளிய போன வண்டிச் சத்தம், எல்லாத்தையும் காட்டிக் குடுத்துருவான். கேட்டா ஒரு மாதிரி சங்கடமா இருக்கும், நாம கேக்கக் கூடாததைக் கேக்கறாப்புல.

எதை எடுக்கறதுன்னு மாப்பிள்ளைக்குப் போனைப் போட்டேன். "கடையில கேக்கறது வேற, ஊட்டுல கேக்கறது வேற மாமா. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கேட்டுப் பாருங்க"ன்னாரு. "ஆடிப் பதினெட்டுக்கு வாங்க, வந்து நீங்களே கேட்டுச் சொல்லுங்க"ன்னேன். "வேலை இருக்குது மாமா, நீங்க பொறுமையாப் பாருங்க, அவசரமே இல்ல"ன்னாரு. எவ்வளவு பெருந்தன்மை பாருங்க. ஆடி அதுல போச்சு.

கடைக்காரரு என்னைய நம்பி ரண்டு ஜோடியையும் குடுத்து உட்டாரு. ஆவணி பூரா எங்க ஊட்டு ஹாலு அதுக்குத்தான். டீவியை எடுத்து உள்ள வெச்சேன். சோபாவை நடுவுக்கு இழுத்தேன். செவுத்துல எதிரொலி வருதுன்னு ஜமக்காளத்தைக் கட்டித் தொங்க உட்டேன். வசந்தாமணி, "இது குடியிருக்கற ஊடா, நாடகக் கொட்டாயா?"ன்னு கேட்டா. எது எதுன்னு தெரியாம கேட்டாத்தான் உண்மையான காது தெரியும்னு மாப்பிள்ளை சொல்லியிருந்தாரு. அதனால அவளோட பழைய சேலை ரண்டை எடுத்து ரண்டு ஜோடியையும் மூடி, அவளையே மாத்திப் போடச் சொன்னேன். நான் கண்ணை மூடிட்டு உக்காந்து, முதல்ல ஓடினது இங்கிலாந்து, ரண்டாவது கறுப்பு, ரண்டாவதுல மிருதங்கம் நல்லாப் பிரிஞ்சு நிக்குது, அப்பிடி இப்பிடின்னு விலாவாரியாச் சொன்னேன். பாத்தா எங்கூட்டுக்காரி எதையுமே மாத்தலை. ஒரே ஜோடியை ரண்டு தடவை ஓட உட்டிருக்கறா.

அன்னைக்கு இந்துஜா சிரிச்சா பாருங்க. செவுத்தைப் புடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வர, உக்காந்து உக்காந்து சிரிச்சா. ஆடிக்கு வந்ததுக்கப்பறம் அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். எனக்கு மானம் போனாலும் மனசு குளுந்து போச்சு. இன்னொருக்கா ஏமாத்தினாலும் பரவாயில்லைன்னு மறுநாளும் கண்ணை மூடிட்டு உக்காந்தேன். மறுநாள் அவ அந்தப் பக்கமே வரலை.

ஆவணி முடியற சமயத்துல, "பொண்ணைக் கொண்டு வந்து உடட்டுங்களா மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். ஸ்பீக்கர் என்னாச்சுன்னு கேட்டாரு. இன்னும் முடிவாகலைன்னேன். அப்பத்தான் இன்னொரு சங்கதி சொன்னாரு. புது ஸ்பீக்கர் வெறைப்பா இருக்குமாம். எடுத்ததும் அதோட கொரல் தெரியாதாம். மணிக்கணக்கா, நாள்கணக்கா ஓட உட்டுட்டே இருந்தாத்தான் இளகி வருமாம். "இளகட்டும் மாமா, அப்பறம் பாத்துக்கலாம்"னாரு. சரின்னு காத்தால எந்திரிச்சதும் போட்டு உட்டுருவேன். நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். பொரட்டாசி பூரா ஓடுச்சு.

நெசமாலுமே இளகுச்சுங்க! எனக்கு அதுல ஒரு விசயம் புரிஞ்சுது. இந்துஜாவைக் கூப்பிட்டு, "பாத்தியா கண்ணு, கல்யாணமும் இப்பிடித்தான். புதுசுல வெறைப்பாத்தான் இருக்கும். ஓட ஓட இளகிரும்"னேன். அவ ஸ்பீக்கரைத் தொட்டுப் பாத்துட்டு, "அப்பா, இது மரம்ப்பா"ன்னா. அவ்வளவுதான். உள்ள போயிட்டா.

ஊருல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆடிக்கு வந்த பொண்ணு இன்னும் இங்கயா இருக்குதுன்னு. சொந்தம் ஒறம்பரைன்னு யாரு வந்தாலும் எனக்கு வெசனம். "ஸ்பீக்கர் இன்னும் முடிவாகலை, அதான்"னு சொல்லுவேன். நம்பாமச் சிரிப்பாங்க. உண்மையைத்தானே சொல்றேன், ஏஞ் சிரிக்கறாங்கன்னு ஆத்தரமா வரும். தீபாவளி நோம்பி வந்துது. தலை தீபாவளி. வேட்டி சட்டை எடுத்து வெச்சுட்டு வாசலையே பாத்துட்டிருந்தோம். ஆபீஸ்ல முக்கியமான வேலைன்னு மாப்பிள்ளை வரலை. அந்த வேட்டி இன்னும் கவர் பிரிக்காம அப்பிடியே இருக்குது. இந்துஜா எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வந்து, நாங்க எடுத்த சேலையைக் கட்டிட்டு, பேசாமப் பலகாரம் சாப்பிட்டா. எனக்கு அந்த நோம்பி அன்னைக்கு அழுகை வந்துதுங்க. வெளிய போய் நின்னுக்கிட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம். அன்னைக்குத்தான் எல்லாம் கூடி வந்துது. எடம் சரியா அமைஞ்சுது. ஸ்பீக்கர் மூஞ்சியைத் திருப்பினது சரியா அமைஞ்சுது. அதே அம்மா பாட்டைப் போட்டேன். மாப்பிள்ளை ஊட்டுல கேட்டாப்புலயே நடுவுல வந்து நின்னுது அந்தக் கொரல். எங்கூட்டு ஹாலுல! எத்தனை மாசம் பாடுபட்டேன். முதல்ல கறுப்பனைக் கேட்டேன், அப்பறம் இங்கிலாந்துக்காரனுக்கு மாத்தினேன். இங்கிலாந்துல அந்த அம்மா மூச்சு வாங்கறது தெரியலை, பாட்டு மட்டும் வந்துது. இதுதான், இதுதான்னு மனசு அடிச்சுக்குச்சு. அந்த நேரம் பாத்து இந்துஜா பின்னாடி வந்து நின்னு, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்"னா.

நான் திரும்பலை. தலையை அசைச்சா அந்தக் கொரல் போயிரும். விரலை மட்டும் ஒண்ணு தூக்கினேன், இப்பிடி. சித்த இருன்னு.

பாட்டு முடிஞ்சு திரும்பிப் பாத்தா அவ இல்ல. உள் ரூம்ல படுத்திருந்தா. "என்ன கண்ணு சொல்ல வந்தே?"ன்னேன். "ஒண்ணுமில்லப்பா"ன்னா. கண்ணு செவந்திருந்துது. அன்னைக்கு வசந்தாமணி எனக்குச் சோறு போடலை. தட்டை நங்குன்னு வெச்சுட்டு, "அந்த விரலை எங்கீங்க கத்துட்டு வந்தீங்க?"ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியலை. விரலைக் கத்துட்டு வர்றதுன்னா என்னங்க? அப்பறந்தான் சொன்னா. மாப்பிள்ளை அங்க அப்பிடித்தான் பண்ணுவாராம். பொண்ணு எது பேசப் போனாலும் திரும்பாம ஒரு விரலைத் தூக்குவாராம். பாட்டு ஓடாத நேரத்துலயும். சோத்துக்கு உக்காந்தாலும். இந்துஜா இதை அவங்கம்மாகிட்ட ஆடியிலயே சொல்லியிருக்கறா.

நான் கேக்கறேன், ஒரு விரல்தானுங்களே? அவரு கை நீட்டினதில்ல. கெட்ட வார்த்தை ஒண்ணு சொன்னதில்ல. எங்க ஒறம்பரையில குடிச்சுட்டு வந்து பொண்டாட்டியை மண்டையில போட்டவனெல்லாம் இருக்கறான், அவங்களே குடித்தனம் பண்றாங்க. விரலுக்கு என்னன்னு பஞ்சாயத்து கூட்டறது? யாருகிட்டப் போய் என்னன்னு சொல்லுவேன்?

இல்லீங்க, இருங்க அம்மிணி... எங் கையை எதுக்கு அப்பிடிப் பாக்கறீங்க? சித்த இருங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சந்தான் இருக்குது.

அதுக்கப்பறம் எத்தனையோ தடவை கேட்டுட்டேன். காப்பி கொண்டாந்து வெக்கறப்பக் கேட்டேன். துணி மடிக்கறப்பப் பக்கத்துல உக்காந்து கேட்டேன். "அன்னைக்கு என்ன சொல்ல வந்தே சொல்லு கண்ணு, அப்பன் கேக்கறேன்"னு. "ஒண்ணுமில்லப்பா, எதுன்னு முடிவு பண்ணீங்களா?"ங்கறா. இங்கிலாந்துன்னேன். "அதுல எல்லாம் நல்லதாத்தான் கேக்கும், இல்லப்பா?"ன்னா. ஆமா கண்ணுன்னேன். வாயைத் தொறந்தா மூட மாட்டாதவ, இப்ப ஒரு வார்த்தைக்கு நான் அவ பின்னாடி சுத்தறேன். என்ன பண்றதுன்னே தெரியலீங்க.

கறுப்பனைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு இதை வாங்கிட்டேன். மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "நல்லது மாமா, கொண்டு வாங்க"ன்னாரு. எனக்குக் கால் தரையில நிக்கலை. "இந்துஜாவையும் கூட்டிட்டு வந்தர்றேன் மாப்பிள்ளை"ன்னேன். அப்பறம், "வர்றப்ப அந்த பீரோவை எடுத்துட்டுப் போயிருங்க மாமா"ன்னாரு.

கல்யாணத்துக்கு நாங்க குடுத்த பீரோங்க. இரும்பு பீரோ, முழுக் கண்ணாடி வெச்சது. உள் ரூம்ல இருக்குது. கனத்த சத்தம் வர்றப்ப அது அதிருதாம். "அவ துணிமணியெல்லாம் அதுலயேதான் இருக்குது மாமா, அப்பிடியே எடுத்துக்கலாம்"னாரு.

தகரம்னா அதிரத்தானே செய்யும்? எங்கூட்டுல எவர்சில்வர் டம்ளரே அதிர்ந்துது. நான் ஒடனே, "காலுக்கு அடியில ஒரு அட்டையை மடிச்சுக் குடுங்க மாப்பிள்ளை, நின்னுரும்"னேன். "பாத்துட்டேன் மாமா, நிக்கலை"ன்னாரு. "உள்ள இன்னும் துணியை நெருக்கி நெறைச்சு வெச்சா அதிராதுங்க, இந்துஜா வந்தான்னா அவ சேலையெல்லாம் அடுக்கிருவா"ன்னேன். அங்க பாட்டு ஓடிட்டு இருந்துது, அது மட்டும் கேட்டுது.

இருந்தாலும் ரண்டு டிக்கெட் எடுத்தேன். காத்தால கௌம்பறப்பக் கூப்பிட்டேன். இந்துஜா வரலைன்னு தலையை ஆட்டிட்டு, உள்ள போய் இந்தச் சாவியைக் கொண்டாந்து எஞ் சட்டைப் பையில போட்டா. பாருங்க, இதுதான். பீரோ சாவி. வசந்தாமணி வாசல்ல நின்னுட்டு, "ஸ்பீக்கரைக் குடுத்துட்டு பீரோவைத் தூக்கிட்டு வர்றீங்களா?"ன்னா. அவளுக்கு என்ன தெரியும். இதைப் பாருங்க, இந்தப் பையில. ரப்பருங்க. திருப்பூர்ல மிசினுக்கு அடியில வெக்கற கட்டை ரப்பர், மிசின் ஆட்டத்தையே தாங்கும். நாலு காலுக்கு நாலு. இதை வெச்சுட்டா பீரோ அசையாது. ஸ்பீக்கரை நிறுத்தி, ரப்பரை வெச்சு, அவரைச் சேர்ல உக்கார வெச்சுப் பாட்டைப் போட்டுக் காட்டோணும். அதிருதுங்களா மாப்பிள்ளைன்னு கேக்கோணும்.

அரக்கோணம் வந்திருச்சுங்களா? இன்னும் சித்த நேரந்தான்.

எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி? அறுவது வயசாச்சு. எத்தனையோ பேரூட்டுப் பஞ்சாயத்துல உக்காந்திருக்கறேன். குடுத்த பீரோ திரும்பி வந்தா ஊருல அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா அவரு அதிருதுன்னுதானே சொன்னாரு? உங்க பொண்ணு வேண்டாம்னு சொல்லலை. அதிருதுன்னா நிறுத்தறதுக்கு வழி இருக்குது, நான் கடை கடையா ஏறி எறங்கி வாங்கிட்டு வந்துருவேன். வேண்டாம்னு சொன்னா நான் எங்கீங்க போவேன்? அதுக்கு எந்தக் கடையில என்னத்தைங்க வாங்கறது?

எம் பாட்டுக்குப் பேசிட்டே வந்துட்டேன். நீங்களும் சேலத்துல இருந்து என்னமோ சொல்லோணும்னு ரண்டு மூணு தடவை வாயெடுத்தீங்க, நான்தான் உடலை. எம் பொண்ணு வயசுதான் இருக்கும் உங்களுக்கும். என்னவா இருந்தாலும் சொல்லுங்க அம்மிணி. இங்க பாட்டு எதுவும் ஓடலை. கேக்கறேன்.

ஒண்ணுமில்லீங்களா?

அவளும் இதேதானுங்க சொன்னா.